கண்ணயர்ந்த இருதயம்

ஒரு பெரியப்பாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது ஐம்பத்தெட்டு. பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி உண்டு. மற்றபடி ஆள் திடகாத்திரம். தினம் காலையில் நாலு மைல் நடப்பார். "என் நெஞ்சைத் தட்டிப் பார், தேக்கு மரம்!" என்று பேரன்களிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

ஒரு நாள் தோட்டத்தில் வேலை செய்யும்போது காலில் முள் குத்தியது. பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசிக்கொண்டார். நாலாம் நாள் கால் வீங்கிற்று. ஐந்தாம் நாள் குளிர் ஜுரம். ஆறாம் நாள் காலையில் பெரியம்மாவைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்றார். வீடே அலறிப் புடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிற்று.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தாயிற்று. மூன்றாம் நாள் டாக்டர் வெளியே வந்து, மூத்த மகனைத் தனியே அழைத்துச் சொல்கிறார்: "கால் புண்ணின் விஷம் உடம்பு முழுவதும் பரவியிருக்கிறது. இப்போது இருதயமும் பலவீனமாகிவிட்டது. சாதாரணமாக அறுபது இருக்க வேண்டிய கணக்கு முப்பதுக்கு வந்திருக்கிறது."

பெரியம்மா காதில் இது விழுந்துவிடுகிறது. "ஏன் டாக்டர், இவருக்கு நெஞ்சு வலி என்று ஒரு நாள் வந்ததில்லையே! முள் குத்தினது காலிலே. இருதயம் எப்படிக் கெடும்?" என்று விம்முகிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா தலையை ஆட்டியபடி, "இருதயமே போய்விட்டது என்றால் இனி என்ன இருக்கிறது? வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடலாமா?" என்று மெல்லக் கேட்கிறார்.

நேயர்களே, இந்தப் பெரியப்பா கற்பனைதான். ஆனால் சித்தப்பாவின் கேள்வி கற்பனை அல்ல. நம் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அது அடிக்கடி கேட்கிற கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால், இப்படிப் படுத்துக்கொள்ளும் இருதயம் பல சமயங்களில் செத்துப்போன இருதயம் அல்ல. கொஞ்ச நாள் கண்ணயர்ந்திருக்கும் இருதயம்!

ஒரு கைப்பிடி யந்திரம்

முதலில் இருதயத்தின் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். உங்கள் கையை இறுக மூடினால் என்ன பருமன் இருக்குமோ, ஏறக்குறைய அதே பருமன் உள்ள ஒரு தசைப் பை அது. அதன் இடது அறையில் சுமார் 120 மில்லி லிட்டர் ரத்தம் நிரம்புகிறது. ஒரு துடிப்பில் அதில் ஏறக்குறைய 70 மில்லி லிட்டரை வெளியே தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் 5 லிட்டர் ரத்தம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு. 7,000 லிட்டர் ரத்தம்! லீவு கிடையாது, போனஸ் கிடையாது, ஒரு பண்டிகை நாள்கூடக் கிடையாது.

நிரம்பிய ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் டாக்டர் சொன்ன கணக்கு. 120-ல் 70 என்றால் நூற்றுக்கு 58 பங்கு. நல்ல இருதயம் நூற்றுக்கு 55 முதல் 70 பங்கு வரை தள்ளும். முழுவதையும் தள்ளுவது எந்த இருதயத்துக்கும் வழக்கம் இல்லை. ஆகவே, "அறுபது" என்றவுடன் பரீட்சையில் அறுபது மார்க் என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அது முதல் வகுப்பு! "முப்பது" என்பதுதான் கவலைப்பட வேண்டிய எண்.

செப்டிக் என்றால் என்ன?

"புண் செப்டிக் ஆகிவிட்டது" என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்லுகிறோம். அது ஓரிடத்துச் சங்கதி. டாக்டர்கள் "செப்சிஸ்" என்று சொல்வது அதைவிடப் பல மடங்கு பயங்கரமானது. கிரேக்க மொழியில் அழுகுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. புண், நிமோனியா, சிறுநீர்த் தாரையில் கிருமி, வயிற்றில் சீழ், பிரசவத்துக்குப் பிறகு வரும் ஜுரம் என எந்த வாசல் வழியாகவும் இது நுழையலாம்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். இதில் உடம்பைக் கெடுப்பது கிருமிகள் மாத்திரம் அல்ல. கிருமியை எதிர்க்கப் புறப்படும் நம் உடம்பின் சொந்தச் சேனையும் சேர்ந்துதான் கெடுக்கிறது. ஒரு திருடனைப் பிடிக்கத் தெரு முழுவதும் தீ வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். கிருமிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு நிலை தவறிப்போய், சொந்த உறுப்புகளையே பழுதாக்கி உயிருக்கு ஆபத்தை உண்டாக்குவதுதான் செப்சிஸ் என்று 2016-ஆம் ஆண்டில் நிபுணர்கள் வகுத்துச் சொன்னார்கள்.

2017-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகெங்கும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டது என்றும், அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. அந்த ஆண்டு உலகில் நிகழ்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று! இந்த வியாதியின் உச்ச நிலையில் ரத்த நாளங்கள் தளர்ந்து, ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு "செப்டிக் ஷாக்" என்று பெயர்.

குற்றவாளிக் கூண்டில் ஏறாத இருதயம்

வேடிக்கை என்னவென்றால், செப்டிக் ஷாக்கில் இருதயத்துக்கும் பங்கு உண்டு என்பதை வைத்தியர்கள் நெடுநாள் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது.

1967-ஆம் ஆண்டில் ஜெரெமி ஸ்வான் என்ற இருதய நிபுணர் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கடற்கரை ஒன்றில் தம் குழந்தைகளுடன் இருந்தார். காற்றே இல்லை. பாய்மரப் படகுகள் அசையாமல் நின்றன. ஆனால் பெரிய, உப்பிய பாய் ஒன்றை விரித்திருந்த ஒரு படகு மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. 'ஒரு மெல்லிய குழாயின் நுனியில் இப்படி ஒரு பாயைக் கட்டிவிட்டால், ரத்த ஓட்டமே அதை இருதயத்துக்குள் இழுத்துக்கொண்டு போகுமே!' என்று அவருக்குத் தோன்றிற்று. பாய்க்குப் பதிலாகச் சின்னஞ்சிறு பலூன் பொருத்தப்பட்டது. வில்லியம் கான்ஸ் என்ற நிபுணரும் அவரும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழாய் 1970-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நோயாளியின் படுக்கை அருகிலேயே, அவருடைய இருதயம் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்று அளக்க வழி பிறந்தது.

செப்டிக் ஷாக் நோயாளிகளை அளந்து பார்த்தார்கள். போதிய திரவம் ஏற்றிய பிறகு, அவர்களில் பெரும்பாலோருடைய இருதயம் வழக்கமான அளவோ, அதற்கு மேலோகூட ரத்தம் தள்ளிக்கொண்டிருந்தது! கை கால்கள் வெதுவெதுப்பாக இருந்தன, நாடி படபடத்தது. "பார்த்தீர்களா, இருதயம் நன்றாகத்தான் இருக்கிறது, குற்றம் ரத்த நாளங்களுடையது" என்று பலரும் முடிவு கட்டினார்கள். குற்றவாளிக் கூண்டிலேயே ஏறாமல் இருதயம் தப்பித்துக்கொண்டது.

1984-ல் வந்த ஆச்சரியம்

அமெரிக்காவில், வாஷிங்டன் நகரை அடுத்த பெதஸ்டாவில், தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே மார்கரெட் பார்க்கர் என்ற பெண் டாக்டரும், ஜோசப் பர்ரில்லோ என்ற டாக்டரும், அவர்களுடைய சகாக்களும் வேறு விதமாக யோசித்தார்கள். 'எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று பார்த்தால் போதாது. இருதயம் எவ்வளவு விரிகிறது, எவ்வளவு சுருங்குகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்' என்பது அவர்கள் எண்ணம். கதிரியக்கம் உள்ள ஒரு பொருளை மிகச் சிறிய அளவில் ரத்தத்தில் கலந்து, அதைப் படம் பிடிக்கும் விசேஷக் காமிராவை வைத்து இருதயத்தின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்தார்கள். ஒரு தடவையோடு விடவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் பார்த்தார்கள்.

செப்டிக் ஷாக்கில் இருந்த 20 நோயாளிகளை இப்படிச் சோதித்தார்கள். அவர்களில் 13 பேர் பிழைத்தார்கள். 7 பேர் இறந்தார்கள். 1984-ல் முடிவு வெளியாயிற்று.

பிழைத்த 13 பேரில் 10 பேருடைய இருதயம் ஆரம்பத்தில் நூற்றுக்கு 40 பங்குக்கும் குறைவாகவே ரத்தத்தைத் தள்ளியிருந்தது! பிழைத்தவர்களின் சராசரி 32 பங்குதான். அத்தனை பலவீனம்! ஆனால் பத்து நாட்களுக்குள் அந்த இருதயங்கள் படிப்படியாகத் தேறிப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன.

அப்படியானால் முன்பு குழாய் வைத்து அளந்தவர்கள் ஏமாந்தது எப்படி? இதோ ஒரு சின்னக் கணக்கு. நல்ல இருதயம் 120 மில்லி லிட்டரில் 70-ஐத் தள்ளுகிறது என்றோமல்லவா? நோயில் களைத்த இருதயம் பலூன் போல விரிந்துகொள்கிறது. அதில் 200 மில்லி லிட்டர் நிரம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 32 பங்குதான் தள்ளினாலும் 64 மில்லி லிட்டர் வெளியே போகிறது. நிமிஷத்துக்கு 110 தடவை துடித்தால் 7 லிட்டர்! பலம் குறைந்த கூலியாள் சின்னக் கூடையை வைத்துக்கொண்டு அதிக நடை நடப்பதில்லையா? அப்படி, விரிந்தும் விரைந்தும் துடித்து, இருதயம் தன் பலவீனத்தைத் தானே மறைத்துக்கொண்டிருந்தது. வெளியே கணக்குச் சரியாக இருந்தது. உள்ளே ஆள் தள்ளாடிக்கொண்டிருந்தார்.

இன்னொரு புதிர். இறந்துபோன 7 பேரில் ஒருவருக்குக்கூட அந்த எண் 40-க்குக் கீழே இல்லை! எண் குறைந்தவர் பிழைத்தார். எண் நன்றாக இருந்தவர் இறந்தார். இது என்ன விபரீதம்? ஒரு விளக்கம் இது: ரத்த நாளங்கள் அடியோடு தளர்ந்துபோனால், எதிர்ப்பே இல்லாத வாசலில் ரத்தத்தைத் தள்ளுவது இருதயத்துக்குச் சுலபம். அப்போது பலவீனமான இருதயத்துக்கும் எண் நன்றாகவே காட்டும். எண்ணை மட்டும் பார்த்து ஆளை மதிப்பிடக்கூடாது என்பது இதில் கிடைத்த பாடம்.

ஆனால் ஒன்று. "எண் குறைந்தால் நல்ல சகுனம்" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் வந்த பெரிய ஆராய்ச்சிகளில் அப்படி ஒரு விதி நிலைக்கவில்லை. எண் குறைந்தவர்களில் பிழைத்தவர்களும் உண்டு; பிழைக்காதவர்களும் உண்டு. உறுதியாக நின்றது ஒன்றுதான்: பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு இருதயம் மீண்டுவிடுகிறது.

விஷம் எங்கே இருந்தது?

இருதயத்தை இப்படித் தளர வைப்பது எது? மாரடைப்பில் நேர்வதைப் போல இருதயத்துக்குப் போகும் ரத்தம் நின்றுவிடுகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். 1986-ல் அதே பெதஸ்டா குழுவினர் செப்டிக் ஷாக் நோயாளிகளின் இருதயத் தசைக்குப் போகும் ரத்தத்தையே அளந்து பார்த்தார்கள். குறையவில்லை! ஆக, இது அடைப்பால் வருவது அல்ல.

அதற்கு முந்திய ஆண்டு, 1985-ல், அவர்கள் செய்த பரிசோதனை துப்பறியும் கதை போல இருக்கும். அப்போதுதான் பிறந்த எலிக்குட்டியின் இருதய உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். தட்டில் இருக்கும்போதும் அவை தாமாகவே துடித்துக்கொண்டிருக்கும். செப்டிக் ஷாக்கில் இருக்கும் நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்தெடுத்து அதன்மேல் விட்டார்கள். எலி அணுக்களின் துடிப்பு சோர்ந்துபோயிற்று! அதே நோயாளி குணமான பிறகு எடுத்த ரத்த நீருக்கு அந்தச் சக்தி இல்லை. ரத்தத்திலேயே ஏதோ ஒரு பொருள் சுற்றி வருகிறது என்பது ருசுவாயிற்று.

அந்தப் பொருள் யார்? 1996-ல் இரண்டு பெயர்கள் அகப்பட்டன. ஒன்று டி.என்.எஃப். எனப்படுவது, இன்னொன்று இன்டர்லூக்கின்-ஒன்று. இரண்டும் வெளியூர்த் திருடர்கள் அல்ல. நம் உடம்பின் வெள்ளை அணுக்களே கிருமியை எதிர்க்க அனுப்பும் தூதர்கள்! வேண்டிய அளவில் இருந்தால் காக்கும். அளவு மீறினால் இருதயத்தையே சோர வைக்கும். அமிர்தமும் அளவு மீறினால் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது.

இவற்றின் தூண்டுதலால் உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு மிதமிஞ்சி உண்டாகிறது. அது ரத்த நாளங்களையும் தளர்த்துகிறது, தசையையும் தளர்த்துகிறது. உயிரணுவுக்குள் அடுப்பு மாதிரி எரிந்து சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதிகள் மந்தமாகிவிடுகின்றன. தசையைச் சுருங்க வைக்கும் கால்ஷியத்தின் போக்குவரத்தும் குழம்புகிறது. "அட்ரினலின், அட்ரினலின்" என்று உடம்பு ஓயாமல் விரட்டிக்கொண்டே இருப்பதால், அந்த அதட்டலுக்கு இருதயத்தின் காது மரத்துப்போகிறது.

ஆனால் அந்த அணுக்கள் சாவதில்லை! செப்சிஸால் இறந்தவர்களின் இருதயங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், மாண்டுபோன அணுக்கள் மிக மிகச் சொற்பமாகவே காணப்பட்டன. உயிருக்கு ஆபத்து வந்தபோதும் அணுக்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருந்தன. வேலை செய்யத்தான் இல்லை. புயல் வீசும்போது கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது போல, இருதய அணுக்களும் தங்களைக் காத்துக்கொள்ள வேலையைக் குறைத்துக்கொள்கின்றனவோ என்று சில விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். மாரடைப்பில் கடையே இடிந்துவிடுகிறது. இதில் கடை சாத்தித்தான் இருக்கிறது. புயல் ஓய்ந்தால் கதவு திறக்கும்.

கப்பல் பட்டறையிலிருந்து வந்த கருவி

இன்று இருதயத்தின் நிலையை அறிய அந்தக் கதிரியக்கக் காமிரா வேண்டியதில்லை. "எக்கோ" என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் பரிசோதனை போதும். இதன் பிறப்பும் சுவாரசியமானது. ஸ்வீடன் தேசத்தில் லுண்ட் என்ற ஊரில் இங்கே எட்லர் என்ற டாக்டரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானியும் இருந்தார்கள். கப்பல் பட்டறைகளில் இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கவனிக்கும் கருவி ஒன்று உண்டு. அந்த மாதிரிக் கருவியை வாங்கி வந்து 1953-ல் மனித நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார்கள். துடிக்கும் இருதயத்தின் எதிரொலி திரையில் அசைந்தது!

இந்தக் கருவியைக் கொண்டு, செப்டிக் ஷாக்கில் இருந்த 67 பேரைப் பிரான்ஸ் தேசத்து டாக்டர்கள் தினந்தோறும் பார்த்தார்கள். 2008-ல் வெளியான அவர்கள் கணக்குப்படி, 100-க்கு 60 பேருக்கு முதல் மூன்று நாட்களில் ஏதோ ஒரு நேரத்தில் இருதயத் தளர்ச்சி தென்பட்டது. அவர்களில் சிலருக்கு முதல் நாள் எக்கோவில் ஒன்றும் இல்லை. ரத்த நாளங்களை இறுக்கும் மருந்து கொடுத்த பிறகே வெளிப்பட்டது. ஆகவே, "நேற்று நன்றாக இருந்ததே, இன்று ஆஸ்பத்திரியில்தான் கெடுத்துவிட்டார்கள்" என்று சட்டென்று கோபிக்க வேண்டாம். மறைந்திருந்தது வெளியே வந்திருக்கலாம்.

வைத்தியம் என்ன?

உறங்கும் இருதயத்தை எழுப்பத் தனி மருந்து ஏதாவது உண்டா? இல்லை. தீயை அணைப்பதுதான் முதல் வைத்தியம். செப்டிக் ஷாக் என்று தெரிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கு எதிரான மருந்தை ரத்தத்தில் ஏற்ற வேண்டும் என்று சர்வதேச நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். சீழ் இருந்தால் வெளியேற்ற வேண்டும்; அழுகியதை அகற்ற வேண்டும். நம் பெரியப்பாவின் காலிலிருந்து அழுகிய சதையை வெட்டி எடுத்தது அவர் இருதயத்துக்கும் சேர்த்துச் செய்த வைத்தியம்தான்.

முதல் மூன்று மணி நேரத்தில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லி லிட்டர் வீதம் திரவம் ஏற்றுவது பொதுவான முறை. அறுபது கிலோ எடை உள்ளவருக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர். அதன் பிறகும் அழுத்தம் எழவில்லை என்றால் நார்அட்ரினலின் என்ற மருந்து. இருதயம் தளர்ந்திருப்பதால் உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகவில்லை என்று தெரிந்தால், அதைக் கொஞ்சம் தட்டிக்கொடுக்க டொபுடமின் என்ற மருந்து. இருதயம் தளர்ந்த நிலையில் திரவத்தை மேலும் மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால்தான் டாக்டர்கள் எக்கோவைப் பார்த்துப் பார்த்து அளவை நிர்ணயிக்கிறார்கள்.

தளர்ந்த குதிரையைச் சாட்டையால் அடித்தால் வண்டி ஓடிவிடுமா? அப்படி எண்ணி, இருதயத்துக்கு வேகம் கொடுக்கும் லெவோசிமெண்டான் என்ற மருந்தை இங்கிலாந்தில் 516 செப்சிஸ் நோயாளிகளிடையே பரீட்சித்தார்கள். 2016-ல் வெளியான முடிவு ஏமாற்றம்தான். வழக்கமான சிகிச்சையோடு இதைச் சேர்த்ததால் அதிகப் பலன் இல்லை.

எல்லா மருந்துக்கும் மசியாமல் இருதயம் அடியோடு தளர்ந்துவிட்டால், "எக்மோ" என்ற யந்திரம் இருக்கிறது. ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு கலந்து, திரும்ப உடம்புக்குள் தள்ளி, இருதயத்தின் வேலையைச் சில நாட்கள் தானே செய்கிறது. மிக மோசமான நிலையில் இருந்த 82 பேருக்கு இதை வைத்ததில், 90 நாட்களுக்குப் பிறகு 100-க்கு 60 பேர் உயிரோடு இருந்தார்கள். இது இல்லாமல் சிகிச்சை பெற்ற அதே மாதிரி நோயாளிகளில் 100-க்கு 25 பேர்தான் இருந்தார்கள் என்று 2020-ல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. அந்த 82 பேருடைய இருதயம் நூற்றுக்கு 17 பங்குதான் தள்ளிக்கொண்டிருந்தது! பதினேழிலிருந்தும் மீண்டிருக்கிறார்கள் என்றால், முப்பது என்ற எண்ணைக் கேட்டு மனம் தளரலாமா? ஆனால் எக்மோ பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் கிடைக்கும். செலவும் மிக அதிகம். எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல.

சித்தப்பாவுக்குப் பதில்

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். செப்சிஸ் கொடிய வியாதி என்பதில் சந்தேகம் இல்லை. வைத்தியம் சரியாக நடந்தும் பலர் இறக்கிறார்கள். பொய்யான நம்பிக்கை கொடுப்பது என் நோக்கம் அல்ல. சிறுநீரகம், மூளை, நுரையீரல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு நோயாளியின் நிலையைச் சொல்ல முடியும். ஆனால் "இருதயம் பலவீனம்" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டு ஆளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பலவீனம் ஒரு வாரம், பத்து நாளில் தானே விலகக்கூடியது. அதுவரை உயிரைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்த வார்டின் வேலை.

டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இது புதிதாக வந்த தளர்ச்சியா, பழைய இருதய நோயா? மாரடைப்பாக இருக்குமா?" டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை மாரடைப்பில் உயரும், செப்சிஸிலும் அடைப்பு இல்லாமலே உயரலாம். பிரித்து அறிவது டாக்டரின் பொறுப்பு. அதற்கு உங்களால் ஓர் உதவி செய்ய முடியும். பழைய எக்கோ, ஈ.சி.ஜி. காகிதங்கள் வீட்டுப் பீரோவில் இருந்தால், தேடி எடுத்துக்கொண்டு ஓடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொடுங்கள். குணமாகி வீடு திரும்பிய சில வாரங்களுக்குப் பிறகு மறுபடி ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பதும் நல்லது. இருதயம் முழுவதும் விழித்துக்கொண்டதா என்று தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாமதம் கூடாது. ஜுரமும் குளிர் நடுக்கமும் இருக்கும்போது மூச்சு வாங்கினாலும், பேச்சுத் தடுமாறினாலும், ஆளை அடையாளம் தெரியாமல் போனாலும், சிறுநீர் குறைந்தாலும், தோல் சில்லிட்டுத் திட்டுத் திட்டாக நிறம் மாறினாலும், மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்கு ஜுரமே இல்லாமலும் வரலாம். உடம்பு சில்லென்றுகூட இருக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் தினம் ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் மங்கியவராக இருந்தால் பேரப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்கக் கூடாது. டாக்டர் கொடுத்த கிருமி மருந்தை, ஜுரம் விட்டதும் பாதியில் நிறுத்தவும் கூடாது.

பெரியப்பாவின் கதையை முடிக்காமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். கற்பனைப் பெரியப்பாதானே? பிழைக்க வைத்துவிட எனக்கு அதிகாரம் உண்டு! மூத்த மகன் டாக்டரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, "இருக்கட்டும் சித்தப்பா, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்றான். ஐந்தாம் நாள் ரத்த அழுத்தம் நின்றது. ஏழாம் நாள் கண் விழித்தார். பதினோராம் நாள் எடுத்த எக்கோவில் முப்பது என்பது ஐம்பத்தைந்து ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பேரன் கேட்டான்: "தாத்தா, உங்கள் நெஞ்சு தேக்கு மரமா?"

பெரியப்பா காலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இல்லேடா. அதுவும் என்னை மாதிரி ஓர் ஆள்தான். கொஞ்சம் கண்ணயர்ந்தது, எழுந்துவிட்டது!"